செங்கோட்டைப் பக்கம் வீட்டுக்கு சோலார்: போட்ட பணம் எடுக்குமா?

வெயில் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு வருஷத்துக் கரண்ட் பில் ஆறையும் எடுத்து வையுங்கள். இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் ஓடுகிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

மானியம் தருவது 2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் பி.எம். சூர்யகர் திட்டம். முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா ரூ.30,000, மூன்றாவதுக்கு ரூ.18,000. ஆக 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் அதே 78,000தான். பேனல் மாட்டி, நெட் மீட்டர் (லைனுக்குப் போகும் யூனிட்டை நாம் எடுக்கும் யூனிட்டில் கழிக்கும் மீட்டர்) வைத்து, ஆய்வும் முடிந்த பிறகே பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை முழுத்தொகையையும் நீங்கள்தான் புரட்ட வேண்டும்; 3 கிலோவாட் வரை அடமானம் இல்லாமல் வங்கிக் கடன் கிடைக்கும். உள்நாட்டில் தயாரான பேனல்களுக்கு மட்டும்தான் மானியம். விலை குறைவு என்று வெளிநாட்டுச் சரக்கைத் தலையில் கட்டினால் 78,000 போச்சு.

இப்போது கணக்கு. 2024 ஜூலைக் கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓட்டும் வீட்டுக்கு பில் ரூ.705 (100 யூனிட் இலவசம், அடுத்த நூறு 2.35, அதற்கடுத்த நூறு 4.70). வருஷத்துக்கு ரூ.4,230. இந்த வீட்டில் 1 கிலோவாட் போட்டு, மானியம் போகக் கைக்காசு 40,000 ஆனால், பில் முழுக்க மிச்சமானாலும் அதை எடுக்க ஒன்பது வருஷத்துக்கு மேல் ஆகும். எனக்கு அது தேவையில்லாத வேலையாகத்தான் படுகிறது.

ஏசி, மோட்டார், கீசர் என்று 800 யூனிட் ஓடும் வீட்டின் கதை வேறு. 500 யூனிட் தாண்டினால் 2.35 என்ற சலுகை போய், மேலே 8.40, 9.45 என்று ஏறும், பில் ரூ.4,770. 3 கிலோவாட் சராசரியாக மாதம் 300 யூனிட் தரும். இரண்டு மாதத்தில் 600 கழிந்தால் மிச்சம் 200, பில் ரூ.235. வருஷத்துக்கு ஏறக்குறைய ரூ.27,000 மிச்சம். இரண்டு லட்சத்துக்கு விலை பேசினாலும் மானியம் போக 1,22,000. நாலரை வருஷத்தில் திரும்பிவிடும். மின்வாரிய லைனைப் பயன்படுத்துவதற்கான நெட்வொர்க் கட்டணத்தை இதில் சேர்க்கவில்லை. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக் கூட்டிக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கென்று சில சங்கதிகள் உண்டு. ஆனி, ஆடியில் கணவாய் வழியாகச் சாரல் இறங்கிவிட்டால் பேனல் அரைமனதாகத்தான் வேலை செய்யும். பங்குனி வெயிலில் வந்த யூனிட்டைக் காட்டி "தினமும் இவ்வளவு" என்பவரிடம் வருஷச் சராசரியைக் கேளுங்கள். தென்னை நிழலும் அப்படித்தான்: ஒரு பேனலின் ஓரத்தில் மட்டை நிழல் விழுந்தாலே அந்த வரிசை முழுக்க உற்பத்தி குறையலாம். காலை ஒன்பதுக்கும் மாலை நாலுக்கும் மாடியில் ஏறிப் பாருங்கள். கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். குற்றாலம் பக்கமென்றால் குரங்கும் கணக்கில் வரும். வயரைக் குழாய்க்குள் விட்டு மூடச் சொல்லுங்கள்.

ஆடிக் காற்றில் கரண்ட் போனால் சோலார் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். பேட்டரி இல்லாத அமைப்பு லைனில் கரண்ட் இல்லாதபோது தானே நின்றுவிடும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் உயிருக்காக வைத்த ஏற்பாடு அது.

ஆரியங்காவு தாண்டி, புனலூரில் மகள் வீட்டுக்குப் போடுவதாக இருந்தால் மானியம் இதேதான். ஆனால் அங்கே கே.எஸ்.இ.பி. (கேரள மின்வாரியம்) கட்டணம், நம் நூறு யூனிட் இலவசம் கிடையாது. அதனால் அங்கே போட்டவர் சொல்லும் லாபத்தை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

போடுவது என்று முடிவானால், மின் இணைப்பு யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். இன்னும் தாத்தா பேரிலேயே இருந்தால் பேர் மாற்றத்தை முடித்துவிட்டு, அதே பேரில் வங்கிக் கணக்கும் வைத்துக்கொண்டு, பிறகு சூர்யகர் இணையதளத்தில் இணைப்பு எண் கொடுத்துப் பதியுங்கள். அதில் பதிவான கம்பெனிகளில் இரண்டு மூன்று பேரிடம் எழுத்தில் விலை வாங்குங்கள்.