‘இத்தனை ஆயிரம் சைட்டேஷன்’ என்று மேடையில் சொன்னால்

மணலி, எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலைத் திட்டத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பொதுசுகாதார நிபுணர் ஒருவரின் பெயரைச் சொல்லி, “இருநூறு கட்டுரை, ஐயாயிரம் சைட்டேஷன்” என்று வாசித்தால் கூட்டம் கொஞ்சம் அடங்கிவிடும். அடங்க வேண்டியதில்லை. கைபேசியில் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலரைத் திறந்து அவர் பெயரைப் போட்டால், அந்த ஐயாயிரம் எங்கிருந்து வந்தது என்பதைக் கால் மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

ஒருவர் எழுதிய கட்டுரையை இன்னொரு கட்டுரை தன் மேற்கோள் பட்டியலில் சேர்த்தால் அது ஒரு சைட்டேஷன். புகழ்ந்ததா, கிழித்ததா என்பது கணக்கில் வராது. தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லாவுக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்டு 1998-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரைக்கு ஆதாரம் வெறும் 12 குழந்தைகள். 2010-ல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. அதன் சைட்டேஷன் ஆயிரத்தைத் தாண்டும்; பெரும்பாலானவை அதை மறுத்து எழுதியவை.

ஸ்காலர் பக்கத்தில் சைட்டேஷனோடு தெரியும் இன்னொரு எண் எச்-இன்டெக்ஸ். 2005-ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்கு அது. ஒருவரின் ஐந்து கட்டுரைகளுக்கு 40, 12, 6, 4, 1 என்று சைட்டேஷன் இருந்தால் எச் 4: நான்கு கட்டுரைகளுக்குத் தலா நான்காவது இருக்கிறது. இந்த எண் ஏறுமே தவிர இறங்காது. அதனால் முப்பது வருடம் எழுதியவரையும் ஐந்து வருடம் எழுதியவரையும் இதை வைத்து ஒப்பிடுவது வீண்.

ஸ்காலர் பக்கத்தின் கட்டுரைப் பட்டியலில் முதலில் வருவது அதிக சைட்டேஷன் வாங்கிய கட்டுரை. அதைத் தொட்டு ஆசிரியர் பெயர்களைப் பாருங்கள். உலக நோய்ச்சுமைக் கணக்கெடுப்பு போன்ற கூட்டு ஆய்வுகளில் நூற்றுக்கணக்கானவர்கள் ஆசிரியர்கள். அப்படி ஒரு கட்டுரையே பல ஆயிரம் சைட்டேஷனைக் கொண்டுவந்துவிடும். மருத்துவ ஆய்வுகளில் வழக்கமாக வேலையை முன்னின்று செய்தவர் முதல் பெயர், வழிகாட்டியவர் கடைசிப் பெயர். நம் நிபுணர் நூற்றுப் பதினேழாவது பெயராக நின்றால் அதற்குத் தகுந்த மதிப்பு கொடுங்கள்.

நம் ஊர்ப் பெயர்கள் தனித் தலைவலி. எஸ். குமார், குமார் எஸ்., அப்பா பெயரை விரித்து எழுதிய குமார் என்று ஒரே ஆள் மூன்று பேராகிவிடுவார். மூன்று குமார்கள் ஒருவராகவும் ஆவார்கள். காசநோய்க் கட்டுரைகளுக்கு நடுவே குறைக்கடத்தி இயற்பியல் கட்டுரை தென்பட்டால் அந்தப் பக்கத்தை யாரும் துப்புரவு செய்யவில்லை என்று அர்த்தம். ஆய்வாளர்கள் முதல் கட்டுரைக்கு முன்பே ஆர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண்ணை வாங்கி, ஒரே எழுத்துக்கூட்டலில் நின்றால் இந்தக் குழப்பமே வராது. எண் வாங்கக் காசு கிடையாது.

காசு வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் அச்சிடும் ஆய்விதழ்களும் உண்டு. பல் மருத்துவம், வேளாண்மை, மேலாண்மை எல்லாம் ஒரே இதழில் வந்தால் உஷார். கூகுள் ஸ்காலர் அவற்றையும் அள்ளிக்கொள்ளும். இதழ்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் ஸ்கோபஸ் என்ற தரவுத்தளத்தில் அதே நபரின் எண் குறைவாக இருப்பதற்கு அது ஒரு காரணம்.

எண்ணை ஓரம் வைத்துவிட்டு, நம் பகுதியைப் பற்றிய கட்டுரையை எடுங்கள். முடிவுரையை விட்டு நேரே ஆய்வுமுறைப் பகுதிக்குப் போகவும். காற்று பற்றியதென்றால் கருவி எங்கே இருந்தது, எந்த மாதம், எத்தனை நாள்? மழை தூசியை அடக்கும். வடகிழக்குப் பருவமழையில் மட்டும் எடுத்த அளவு வருடம் முழுவதற்கும் ஆகாது. பிற்பகலில் கடல்காற்று ஏறினால் கரையோரப் புகை மேற்கே தள்ளப்படும். புகைபோக்கிக்குக் கிழக்கே மட்டும் வைத்த கருவிக்கு அது அகப்படாது. “வரம்புக்குள்” என்று எழுதியிருந்தால் எந்த வரம்பு? பி.எம். 2.5 எனும் நுண்தூசிக்கு நம் நாட்டின் ஆண்டுச் சராசரி வரம்பு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 5. கட்டுரையின் கடைசியில் நிதி கொடுத்தவர் யார், நலன் முரண் உண்டா என்ற இரண்டு வரிகள் இருக்கும். அவையும் முக்கியம்.

சைட்டேஷன் குறைவு என்பதாலேயே ஒருவரைத் தள்ளிவிடவும் கூடாது. எண்ணூர்க் கழிமுகத்து நண்டைப் பற்றி எழுதினால் உலகில் எத்தனை பேர் மேற்கோள் காட்டுவார்கள்? காசநோயாளிகளைச் சானடோரியத்தில் அடைக்காமல் வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று காட்டிய சென்னை ஆய்வு 1959-ல் உலக சுகாதார நிறுவன இதழில் வந்தது. ஆசிரியர் இடத்தில் இருப்பது ‘சென்னைக் காசநோய் வேதிச்சிகிச்சை மையம்’ என்ற பெயர்தான். அதற்காக உழைத்த எவருடைய எச்-இன்டெக்ஸிலும் அது ஏறாது.

கருத்துக்கேட்பு அறிவிப்புக்கும் கூட்டத்துக்கும் நடுவே குறைந்தது 30 நாள் தர வேண்டும் என்பது 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் விதி. திட்டத்தின் தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் வைக்கப்பட வேண்டும். முழு அறிக்கையின் பின்பக்கத்தில் மேற்கோள் காட்டிய கட்டுரைகளை அந்த நாட்களுக்குள் தேடிவிடுங்கள். பப்மெட் சென்ட்ரல் என்ற இணையக் கட்டுரைக் காப்பகத்தில் இருந்தால் இலவசம். இல்லையென்றால் தொடர்பு ஆசிரியரின் மின்னஞ்சலுக்கு இரண்டு வரி எழுதிக் கேட்கலாம், பலர் அனுப்பிவைப்பார்கள். ஆட்சேபணையை எழுத்தில் கொடுக்கும்போது கட்டுரைத் தலைப்பு, ஆண்டு, டி.ஓ.ஐ. எண் (கட்டுரையின் அடையாள எண்), கருவி இருந்த இடம், அளவெடுத்த தேதிகள் எல்லாம் அதில் இருக்கட்டும். கூட்டத்திலும் அதையே வாசித்து, நடவடிக்கைக் குறிப்பில் ஏறிவிட்டதா என்று கலைவதற்கு முன் கேட்டுப் பாருங்கள்.