நீலமும் சிவப்பும் தாயும் பிள்ளையும்தான்

போன வாரம் எனக்கு ஒரு பெட்டி வந்தது. பஞ்சின் மேல் பதினோரு நீலப் பட்டாம்பூச்சிகள், எல்லாம் செத்தவை. தென்னாப்பிரிக்காவின் டிராகன்ஸ்பெர்க் மலைக்கு ஜூலையில் போன ஒருவர், பாறைக் குடைவுக்குள் அவை கூட்டமாக ஒடுங்கியிருந்ததைப் பார்த்து அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். கூடவே ஒரு சீட்டு: “ஜனவரியில் இதே இடத்தில் சிவப்பாக ஒன்று பார்த்தேன். இது நீலம். புது இனமாக இருக்கும், பெயர் வைக்க உதவுங்கள்.”

ஆப்பிரிக்கப் பட்டாம்பூச்சிகளை இனம் பார்த்துச் சொல்வது என் வேலை. இந்த நீலம், சிவப்புக் கேள்வி வருடம் தவறாமல் வரும். படத்தோடு வந்தால் பொறுமையாகப் பதில் எழுதிவிடுவேன். இந்த முறை மனசு ஆறவில்லை.

இரண்டும் ஒரே இனம்தான், பெயர் ப்ரீசிஸ் ஆக்டேவியா. மழைக்காலத்தில் (அங்கே ஜனவரி அப்படி) பிறப்பது ஆரஞ்சு கலந்த சிவப்பு, மேலே கறுப்புப் புள்ளிகள். குளிர்ந்த வறண்ட காலத்தில் (அங்கே ஜூலை அப்படி) பிறப்பது கருநீலம், இறக்கை ஓரமாக வரிசையாகச் சிவப்புப் பொட்டுகள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உறவென்றே சொல்ல முடியாது. கேப் டவுனில் இருந்த ரோலண்ட் டிரைமன், அந்த நாட்டுப் பட்டாம்பூச்சிகளைக் கரைத்துக் குடித்தவர், அவரே 1883இல் நீலத்துக்கு சீசாமஸ் என்று தனிப் பெயர் வைத்தார். ஜிம்பாப்வேயின் இன்றைய ஹராரேயில் கய் மார்ஷல் என்ற பூச்சியியலாளர் 1898இல் சிவப்புத் தாயின் முட்டையிலிருந்து நீலத்தை வளர்த்துக் காட்டிய பிறகுதான் விஷயம் தெளிவானது. இன்று ஆப்பிரிக்காவின் தெற்கில் வாழும் கிளையினம் முழுவதுக்கும், சிவப்பையும் சேர்த்து, சீசாமஸ் என்ற பெயர்தான் நிற்கிறது.

இதைச் சொன்னால் உடனே அடுத்த தவறு கிளம்பும்: “ஓ, மழை வந்தால் சிவப்பாகவும் குளிர் வந்தால் நீலமாகவும் நிறம் மாற்றிக்கொள்ளுமா?” மாற்றிக்கொள்ளாது. இது பச்சோந்தி இல்லை. பட்டாம்பூச்சியின் நிறம் இறக்கை மேல் ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கியிருக்கும் செதில்களில் இருக்கிறது. அந்தச் செதில்கள் கூட்டுக்குள்ளேயே உருவாகி முடிந்துவிடுகின்றன. வெளியே வந்து இறக்கை விரித்த பிறகு அவற்றில் உயிர் கிடையாது. நெய்து முடித்த சேலைக்கு வெயில் மழையைப் பார்த்துக் கரை மாறுமா? சாயம் வெளுக்கலாம், நூல் கிழியலாம், அவ்வளவுதான். நீலமாகப் பிறந்தது நீலமாகவே சாகும். மாறுவது தலைமுறை. புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் இருந்த நாட்களில் பட்ட சூடும் குளிரும்தான் எந்த நிறம் என்று தீர்மானிக்கின்றன. இரண்டும்கெட்டான் வெப்பநிலையில் வளர்ந்தவை சில சமயம் நீலமும் சிவப்பும் கலந்து வரும். அதுவும் புது இனம் இல்லை!

இதன் உறவுக்காரப் பட்டாம்பூச்சி ஒன்றும் இப்படித்தான், பெயர் பைசைக்லஸ் அனினானா. 1988இல் ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் ந்காட்டா பேயிலிருந்து கொண்டுபோன தாய்ப்பூச்சிகளின் வம்சம் இன்றும் ஆய்வகங்களில் வளர்கிறது. ஒரே தாயின் முட்டைகளை 27 டிகிரியில் வளர்த்தால் இறக்கையின் அடிப்பக்கம் பெரிய பெரிய கண்புள்ளிகள் வரும், 17 டிகிரியில் வளர்த்தால் அவை பெயருக்கு ஒரு புள்ளியாகச் சுருங்கி, காய்ந்த இலை நிறத்தில் வரும். அக்கா தங்கை இப்படி வேறுபடுவதற்குக் காரணம் மரபணு இல்லை, வளர்ந்த சூடுதான். நம்மூர் மயில் வசீகரன் பட்டாம்பூச்சியும் இப்படித்தான். மழைக்காலத்தில் இறக்கையை மூடினாலும் கண் தெரியும், வறண்ட காலத்தில் மூடினால் சருகு மாதிரி இருக்கும்.

பூச்சிமருந்து பட்டு நீலமாகிவிட்டது, நோய் வந்துவிட்டது என்று படம் பரப்புகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

சரி, அந்தப் பெட்டிக்கு வருகிறேன். குளிர்கால நீலப் பூச்சிகள் பிறந்தவுடன் முட்டையிடும் அவசரத்தில் இருப்பதில்லை. புழுக்களுக்குத் தின்ன இளந்தளிர் கிடைக்காத மாதங்கள் அவை. பாறை இடுக்கிலும் மண்சரிவுப் பொந்திலும் ஒண்டி, மழைக்காகக் காத்திருக்கின்றன. மழை வந்து புதினா குடும்பச் செடிகள் துளிர்த்தால் அவற்றில் முட்டையிடும். வெயில் ஏறிய பிறகு அந்த முட்டைகளிலிருந்து வருவதுதான் சிவப்பு. ஜூலையில் பதினோரு நீலத்தை அள்ளியவர் தான் ஜனவரியில் பார்த்த அதே சிவப்பின் சந்ததியைத்தான் அள்ளினார்.

அதனால் குளிர்காலக் கூட்டத்தைக் கண்டால் கையை உள்ளே விடாதீர்கள். குச்சியால் கிளறாதீர்கள், படத்துக்காகப் பறக்க விரட்டாதீர்கள். குளிரில் ஒருமுறை வீணாகப் பறந்தால் கரைவது மழை வரைக்கும் சேர்த்துவைத்த கொழுப்பு. அந்த மலைப் பூங்காவுக்குள் அனுமதியில்லாமல் ஒரு பூச்சியைக்கூட எடுக்கக் கூடாது, அது சட்டம். காய்ந்த பட்டாம்பூச்சியைக் கண்ணாடிச் சட்டத்தில் வைத்து விற்றால் வாங்காதீர்கள்.

இனம் தெரிய வேண்டுமா? வெளியே நின்று படம் எடுங்கள். இறக்கையின் மேல்பக்கம் ஒன்று, மூடியிருக்கும்போது அடிப்பக்கம் ஒன்று. தேதியை எழுதுங்கள், இடத்தை எழுதுங்கள். தேதி இல்லாத நீலப் படத்தை வைத்துக்கொண்டு நான் ஒன்றும் செய்ய முடியாது, தேதி இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஜனவரிச் சிவப்பும் ஜூலை நீலமும் ஒரே பாறையில் கிடைத்தால் இரண்டு படத்தையும் சேர்த்தே அனுப்புங்கள், அது எனக்கு உண்மையிலேயே உதவும். பூச்சியை மட்டும் பாறையிலேயே விட்டுவிடுங்கள்.