ஞானப்பல் எடுத்த மூன்றாம் நாள்

ஞானப்பல் அறுவை முடிந்து வீடு திரும்பியவர்களிடமிருந்து வரும் பதற்றமான தொலைபேசி அழைப்புகள் பெரும்பாலும் முதல் நாளில் வருவதில்லை. மூன்றாம் நாளில்தான் வருகின்றன. முதல் நாள் மரப்பு ஊசியின் தயவிலும் மாத்திரையின் தயவிலும் கழிந்துவிடுகிறது. மூன்றாம் நாள் காலையில் கண்ணாடி முன் நிற்பவருக்குக் கன்னம் நேற்றைவிடப் பெரிதாகத் தெரிகிறது, வாய் இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்க மறுக்கிறது, பல் இருந்த குழியில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. சீழ் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டி, மெடிக்கல் கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கிவிட்டு, அதன் பிறகு மருத்துவரை அழைப்பவர்களும் உண்டு. உண்மையில் இந்த மூன்றும் பெரும்பாலும் புண் முறையாக ஆறிவருவதன் அடையாளங்களே. எந்த நாளில் எது இயல்பு, எது ஆபத்து என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டவர்கள் இந்த அறுவையை எளிதாகக் கடந்துவிடுகிறார்கள்.

கடைவாயின் கோடியில் மூன்றாவதாக முளைக்கும் இந்தப் பல் பொதுவாக 17 முதல் 25 வயதுக்குள் வெளிவரும். தாடையில் இடம் போதாதபோது அது முன்னால் உள்ள பல்லின் மீது சாய்ந்தோ, முழுவதும் படுத்தோ, பாதி ஈறுக்குள் புதைந்தோ நின்றுவிடுகிறது. பாதி வெளிவந்த பல்லின் மேல் ஒரு மூடிபோல் கிடக்கும் ஈறுக்கு அடியில் உணவுத் துணுக்குகள் சிக்கி, கிருமிகள் பெருகி, வீக்கமும் வாய் இறுக்கமும் அடிக்கடி வருமானால் அந்தப் பல்லை எடுத்துவிடுவதே நல்லது. அந்தப் பல்லிலோ, அதைவிட முக்கியமாக முன்னால் உள்ள நல்ல பல்லின் பின்புறத்திலோ சொத்தை விழுந்திருந்தாலும், வேரைச் சுற்றி நீர்க்கட்டி உருவாகியிருந்தாலும் அப்படியே. ஆனால் எக்ஸ்ரேயில் சாய்ந்து தெரிகிறது என்பதற்காக மட்டும், எந்தத் தொல்லையும் நோயும் இல்லாத ஞானப்பல்லை எடுத்தாக வேண்டும் என்பதில்லை. பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பு 2000ஆம் ஆண்டிலேயே இதைத் தெளிவாக வலியுறுத்தியிருக்கிறது. நான்கையும் ஒரே மூச்சில் எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனியாகக் காரணம் கேட்பது நோயாளியின் உரிமை.

எடுப்பது என்று முடிவாகிவிட்டால், இரு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே அவசியம். கீழ் ஞானப்பல்லின் வேர்களுக்கு மிக அருகில், கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு எலும்புக்குள் ஓடுகிறது. வேருக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி என்பதைப் பொறுத்தே அறுவையின் திட்டம் அமையும். நரம்போடு ஒட்டியே வேர் இருந்தால், தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுக்க நேரிடும். சில சமயம் பல்லின் தலைப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, வேரை அப்படியே விட்டுவிடுவதும் உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தத்தை இளக்கும் மாத்திரைகள், எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ போட்டுக்கொண்ட ஊசிகள், கர்ப்பம் ஆகிய எதையும் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. இதய நோய்க்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் பல் எடுப்பதற்காகத் தாமாகவே அதை நிறுத்திவிட்டு வருவது, பல்லில் வரக்கூடிய ரத்தக்கசிவைவிடப் பன்மடங்கு ஆபத்தானது. அறுவை என்ற சொல்லைக் கேட்டதும் வெறும் வயிற்றோடு வருபவர்களும் பலர். அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து எடுக்கும்போது பட்டினி தேவையில்லை. பசி மயக்கத்தைத்தான் வரவழைக்கும். மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடும் என்ற பயத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம்: பல்லுக்கு உணர்ச்சி தருவது ஒரு நரம்பு, பார்வையைத் தருவது முற்றிலும் வேறொரு நரம்பு.

அறுவையின்போது வலி தெரியாது; அழுத்தமும் அதிர்வும் தெரியும், எலும்பை அகற்றும் கருவியின் சத்தம் கேட்கும். ஈறைச் சற்று விலக்கி, தேவையான அளவு எலும்பை நீக்கி, பல்லைத் துண்டுகளாக்கி எடுத்து, தையல் போடுவார்கள்.

இதற்குப் பிறகு நடப்பதுதான் நோயாளியின் கையில் இருக்கிறது. பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து ஒரு கட்டியாக நிற்கும். திறந்து கிடக்கும் எலும்பையும் நரம்பு நுனிகளையும் மூடிக் காப்பது அந்தக் கட்டி. அதன் மேல்தான் புதிய திசு வளர வேண்டும். அதை நிலைத்திருக்கச் செய்யத்தான் வாயில் வைத்த பஞ்சை முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை இறுகக் கடித்திருக்கச் சொல்கிறோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால் பயன் கெட்டுவிடும். முதல் 24 மணி நேரம் எச்சில் துப்பக் கூடாது, வாய் கொப்பளிக்கக் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. நம் வீடுகளில் மீறப்படுவது இந்தத் துப்பும் விஷயம்தான். எச்சிலில் சிவப்பு தெரிந்ததும், ரத்தத்தை விழுங்கினால் உடம்புக்கு ஆகாது என்று பெரியவர்கள் சொல்ல, படுக்கையருகே ஒரு கிண்ணம் வைத்து இரவு முழுக்கத் துப்பிக்கொண்டே இருப்பார்கள். ஒரு துளி ரத்தம் ஒரு வாய் எச்சிலையே சிவப்பாக்கிவிடும் என்பதால் பார்வைக்கு அது பெரும் ரத்தப்போக்குபோல் தோன்றும். துப்பத் துப்ப வாய்க்குள் உண்டாகும் இழுவிசையில் கட்டி அசைந்து கசிவு தொடரும். விழுங்கிவிடுவதே சரி. உண்மையாகவே கசிவு நிற்கவில்லை என்றால், சுத்தமான புதிய பஞ்சுத் துணியை மடித்து, குழியின் மேல் வைத்து, அரை மணி நேரம் அசையாமல் கடித்திருக்க வேண்டும். அதற்கும் நிற்காவிட்டால் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும்.

மரப்பு சில மணி நேரம் நீடிக்கும். அது விலகும் வரை சூடான காபியோ டீயோ வேண்டாம். உதடு வெந்தாலும் கடிபட்டாலும் தெரியாது. மருத்துவர் எழுதிய வலி மாத்திரையின் முதல் வேளையை மரப்பு தெளிவதற்கு முன்பே எடுத்துக்கொண்டால் முதல் இரவு எளிதாகக் கழியும். இபுபுரூஃபென் வகை மாத்திரைகள் குடல்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் பொருந்தாமல் போகலாம். வீட்டில் யாருக்கோ வாங்கியதில் மீந்ததை எடுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது. வலிக்கும் இடத்தில் ஆஸ்பிரினைப் பொடித்து வைப்பதும் கிராம்புத் தைலத்தை ஊற்றுவதும் ஈறைப் பொசுக்கிவிடும்.

உணவைப் பொறுத்தவரை ஆறிய இட்லி, குழைந்த தயிர் சாதம், கேழ்வரகுக் கூழ், வாழைப்பழம், இளநீர் ஆகியவை போதும். இளநீரை டம்ளரில் ஊற்றிக் குடிக்க வேண்டும், ஸ்ட்ராவில் அல்ல. ஐஸ்கிரீம் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்பது வெறும் நம்பிக்கை. முதல் நாளில் அது இதமாகவே இருக்கும். ஒரு வாரத்துக்கு முறுக்கு, நிலக்கடலை, பொரி, மிளகாய்க் காரம் ஆகியவற்றைத் தள்ளிவைக்கலாம்.

வீக்கம் பொதுவாக 48 முதல் 72 மணி நேரத்தில் உச்சத்தை அடைந்து, பிறகே வடியத் தொடங்கும். மூன்றாம் நாள் முகம் பெரிதாகத் தெரிவதன் காரணம் இதுதான். முதல் நாளில் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை வெளிக்கன்னத்தில் 20 நிமிடம் வைத்து, 20 நிமிடம் இடைவெளி விட வேண்டும். வீக்கம் என்றாலே உப்பு ஒத்தடமும் வெந்நீர் ஒத்தடமும் கொடுக்கும் வழக்கத்தை அன்று விட்டுவிட வேண்டும். சூடு ரத்த ஓட்டத்தைக் கூட்டி வீக்கத்தையும் கசிவையும் அதிகமாக்கும். தாடைத் தசை இறுகியிருப்பதும் சில நாட்களில் தளரும். மூன்றாம் நாளுக்குப் பிறகு மெதுவாக வாயைத் திறந்து மூடிப் பழகலாம். கன்னத்திலும் கழுத்திலும் ஊதாவாகவும் மஞ்சளாகவும் நிறம் மாறினால் அது ரத்தக் கன்றல், தானாக மறையும். குழியில் தெரியும் வெண்மையான படலம் சீழ் அல்ல, ஆறும் புண்ணின் மேற்படிவு. அதைக் குச்சியாலும் நாக்காலும் நோண்டி எடுப்பவர்கள், ஆறிவரும் புண்ணைத் தாமே கலைத்துவிடுகிறார்கள்.

அப்படியானால் கவலைப்பட வேண்டியது எது? வலி குறைந்துகொண்டே வந்து, இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் திடீரென்று முன்பைவிடக் கடுமையாகத் திரும்புவதுதான் முதல் அடையாளம். காதுவரை பரவும் குடைச்சல், மாத்திரைக்கு அடங்காத வலி, வாயில் கெட்ட நாற்றம், குழிக்குள் கட்டி இல்லாமல் வெறும் எலும்பு தெரிவது ஆகியவை சேர்ந்திருந்தால் அது உலர்குழி. சாதாரணமாகப் பல் எடுப்பவர்களில் நூற்றுக்கு 1 முதல் 5 பேருக்கு இது வரலாம். கீழ் ஞானப்பல் அறுவையில் வாய்ப்பு அதைவிட அதிகம். புகைப்பவர்களுக்கும் கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கும் இன்னும் கூடும். இதற்கு ஆன்டிபயாடிக் தீர்வல்ல. குழியைக் கழுவி மருந்துத் திரி வைத்தாலே வலி வெகுவாகத் தணிந்துவிடும். எனவே பொறுத்துக்கொண்டு வீட்டில் கிடக்க வேண்டியதில்லை.

இதைவிடத் தீவிரமானவையும் உண்டு. நான்காம் நாளுக்குப் பிறகும் வீக்கம் ஏறிக்கொண்டே போவது, 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், எச்சில்கூட விழுங்க முடியாமை, நாக்கின் அடியிலும் தாடைக்குக் கீழும் கல்போல் இறுகுவது, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் விடியும் வரை காத்திருக்காமல் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். மேல் ஞானப்பல் எடுத்தவர்களுக்குக் குடிக்கும் தண்ணீர் மூக்கின் வழியாக வந்தால் குழிக்கும் சைனஸ் அறைக்கும் இடையே துளை விழுந்திருக்கலாம். மூக்கைச் சிந்தாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கீழுதட்டிலோ நாக்கிலோ மரப்பு மறுநாளும் விலகவில்லை என்றால் அதைச் சொல்லத் தயங்கக் கூடாது. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ உணர்ச்சி திரும்பிவிடும். ஆனால் எங்கே, எவ்வளவு என்பதைத் தொடக்கத்திலேயே குறித்துவைத்தால்தான் முன்னேற்றத்தை அளக்க முடியும்.

புகையிலைபற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிகரெட், பீடியைக் குறைந்தது மூன்று நாட்களாவது விலக்க வேண்டும், ஒரு வாரம் என்றால் இன்னும் நல்லது. உதட்டுக்கும் கன்னத்துக்கும் உள்ளே அடக்கிக்கொள்ளும் பொட்டலப் புகையிலை புகை இல்லாததால் பரவாயில்லை என்று நினைப்பவர்கள், புண்ணின் பக்கத்திலேயே நஞ்சை வைத்துக்கொள்கிறார்கள். நெடுநாள் பாக்கு மெல்பவர்களின் வாய் ஏற்கெனவே இறுகியிருக்கலாம். அறுவைக்கு முன்பே இதைச் சொன்னால் மருத்துவர் அதற்கேற்பத் தயாராவார்.

24 மணி நேரம் கழிந்ததும், ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு, உணவுக்குப் பின் ஒவ்வொரு முறையும் வாயில் ஊற்றித் தலையைச் சாய்த்து, வேகமாகக் கொப்பளிக்காமல் வெளியே வழியவிட வேண்டும். மற்ற பற்களை மென்மையாகத் துலக்கலாம். அறுவைப் பக்கத்தை ஒரு வாரம் துலக்காமலே விட்டுவிடுபவர்களுக்குத்தான் ஈறு வீங்குகிறது. கரையும் நூலாக இல்லாவிட்டால் தையலை ஏழாம் நாள் பிரிப்பார்கள். அதன் பிறகும் குழி சில வாரங்கள் திறந்திருக்கும், சாதப் பருக்கை அதில் போய் உட்காரும். மருத்துவர் தரும் வளைந்த முனையுள்ள சிரிஞ்சில் உப்புநீர் ஏற்றி மெதுவாகப் பீய்ச்சினால் வெளியே வந்துவிடும். ஈறு மூடிக்கொள்ள மூன்று நான்கு வாரங்களும், உள்ளே எலும்பு நிரம்பச் சில மாதங்களும் ஆகும்.