கெண்டைக் குளத்துப் புண் நோய்க்குப் பூண்டும் மஞ்சளும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து பனி இறங்கும் மார்கழி, தை மாதங்களில் கட்லா, ரோகு, மிருகால் ஆகிய கெண்டை மீன் குளங்களில் புண் நோய் தலைகாட்டும். துடுப்பின் அடியில் ரத்தச் சிவப்பு, ஊதிய வயிறு, சிலிர்த்து நிற்கும் செதில், வால் பக்கம் குழிப்புண். இவற்றில் பெரும்பாலும் ஏரோமோனாஸ் ஹைட்ரோபிலா என்ற பாக்டீரியாவுக்குப் பங்கு உண்டு. குளத்து நீரில் எப்போதும் இருக்கிற கிருமிதான் அது. அடியில் சேறு சேர்ந்து, ஆக்சிஜன் குறைந்து, மீன் பேன் கடித்த காயமும் இருந்தால் உடம்புக்குள் புகுந்துவிடும்.

அதனால் பூண்டு உரிக்கும் முன் வலை வீசிப் பத்து மீன்களையாவது பாருங்கள். செதில்மேல் தட்டையாக, கண்ணாடி போல் ஊர்வது பேன் என்றால் அதற்கு வைத்தியம் வேறு. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் தீவனத்தை நிறுத்தி, ஏரேட்டரை (நீரில் காற்றூட்டும் கருவி) ஓட்டி, புதுத் தண்ணீர் விடுங்கள். இதைச் சரிசெய்யாமல் எந்த மூலிகை கொடுத்தாலும் வீண்.

தீவனத்தில் கலக்கும் முறை இது. ஒரு கிலோ தீவனத்துக்கு உரித்த பூண்டு 10 கிராம், மஞ்சள்தூள் 5 கிராம். பூண்டை நசுக்கிப் பத்து நிமிடம் அப்படியே விடவேண்டும். கிருமியைத் தடுக்கும் அல்லிசின் முழுப்பல்லில் இருப்பதில்லை. நசுங்கிய பிறகுதான் உருவாகிறது. சூடு பட்டால் சிதைந்தும்விடும். பூண்டை வேகவைத்துச் சேர்ப்பவர்களுக்குப் பலன் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். மஞ்சளின் குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். ஆகவே மஞ்சளை 20 முதல் 30 மில்லி சமையல் எண்ணெயில் குழைத்து, பூண்டு விழுதுடன் சேர்த்துத் தீவனத்தின்மேல் பிசிறி, அரைமணி நேரம் நிழலில் உலர்த்துங்கள். எண்ணெய்ப் படலம் இருப்பதால் மருந்து தண்ணீரில் எளிதில் கழுவிப் போகாது. கடைத் தூளில் சாயக் கலப்படம் இருக்கலாம். கிழங்கு மஞ்சளை வாங்கி அரைப்பதே நல்லது.

சராசரி 200 கிராம் எடையுள்ள ஆயிரம் மீன்கள் என்றால் மொத்தம் 200 கிலோ. மீன் எடையில் 3 சதவீதக் கணக்கில் நாளைக்கு 6 கிலோ தீவனம், அதற்குப் பூண்டு 60 கிராம், மஞ்சள் 30 கிராம். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கலந்து, 7 முதல் 10 நாள் கொடுக்கலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: நோய் முற்றிய மீன் தீவனம் தின்னாது. இந்த மருந்து இன்னும் தின்கிற மீன்களைக் காப்பதற்குத்தான். தீவனத் தட்டில் மிச்சம் கூடுகிறதென்றால் தீவன அளவைப் பாதியாக்குங்கள். செத்த மீனை அன்றே எடுத்துச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிடுங்கள்.

குளத்துக்குள் போடுவதற்குச் சுண்ணாம்பும் மஞ்சளும் பத்துக்கு ஒன்று என்ற விகிதம் நெடுநாளாகப் புழக்கத்தில் உள்ளது: ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஏக்கர் குளத்துக்குச் சுண்ணாம்பு 16 கிலோ, மஞ்சள்தூள் 1.6 கிலோ. கரைத்து, காலை வேளையில் பரவலாகத் தெளிக்க வேண்டும். அதற்குமுன் நீரின் பி.எச். (அமில, கார அளவு) பாருங்கள். 8.5-ஐத் தாண்டியிருந்தால் சுண்ணாம்பு வேண்டாம். காரத்தன்மை ஏற ஏற, நீரில் உள்ள அம்மோனியா நச்சு வடிவத்துக்கு மாறும்; செவுள் கருகும்.

வேப்பிலை விஷயத்தில்தான் கவலையாக இருக்கிறது. மரத்துக் கிளைகளை அப்படியே குளத்தில் தள்ளுகிறார்கள். இலை அழுகும்போது ஆக்சிஜனைக் குடிக்கும். வேம்பில் உள்ள அசாடிராக்டின் அளவு மிஞ்சினால் மீனுக்கே நஞ்சு. செடியிலிருந்து வந்ததெல்லாம் சாதுவானது என்று நம்ப வேண்டாம். மீன் விடுவதற்கு முன் களைமீன்களை (குளத்தில் வேண்டாத மீன்களை) கொல்ல நாமே இலுப்பைப் புண்ணாக்கைத்தானே போடுகிறோம்! வேப்பெண்ணெயைக் குளத்தில் ஊற்றவே கூடாது.

ஐந்தாறு நாளில் சாவு குறையாவிட்டாலோ, ஒரே நாளில் சட்டென ஏறினாலோ பரிசோதனைக்கு அனுப்புங்கள். மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கலக்காதீர்கள். குளோராம்ஃபெனிகாலும் நைட்ரோஃபியூரான் வகைகளும் மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. தூத்துக்குடி, பொன்னேரி மீன்வளக் கல்லூரிகளையோ அருகிலுள்ள மீன்வளத் துறை அலுவலகத்தையோ அணுகலாம். செத்து மிதந்த மீன் பயன்படாது, அதில் அழுகல் கிருமிகள் ஏறிவிடும். சோர்ந்து கரையோரம் ஒதுங்கிய மீன் இரண்டு மூன்றை உயிரோடு பிடித்து, ஆக்சிஜன் நிரப்பிய பாலித்தீன் பையில் கொண்டுபோங்கள். அதே குளத்துத் தண்ணீர் ஒரு லிட்டர் தனிப் புட்டியில் இருக்கட்டும். என்னென்ன போட்டீர்கள், எந்தத் தேதியில், எவ்வளவு என்று எழுதிய தாளும் கூடவே வேண்டும்.