புதுப்பித்த வீடா, மீட்டமைத்த வீடா?

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் விக்டோரியா காலத்து வீடுகள் பல இன்று தங்குமனைகளாகிவிட்டன. அவற்றைப் பற்றித் தமிழில் எழுதுவோர் 'புதுப்பிக்கப்பட்ட பழைய மாளிகை' என்றே எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் இருப்பதோ 'ரெஸ்டோர்'. புதுப்பித்தல் அதற்குப் பொருந்தவே பொருந்தாது, 'மீட்டமைப்பு'தான் பொருந்தும்.

'ரெஸ்டோர்' லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். இழந்ததை மீட்டுத் தருவது என்று பொருள். இழந்த தெம்பை மீட்டுத் தரும் 'ரெஸ்டாரன்ட்'டுக்கும் இதுதான் வேர். 'ரெனவேட்' வேறு, அதற்குள் இருப்பது 'புதிய' என்ற சொல். புதுப்பித்தல் அதற்கே உரியது. நம் மலாயிலும் புதுப்பிக்கும் 'ஊபா சுவாய்' வேறு, மீட்கும் 'பூலே' வேறு. நோயாளி தேறுவதும் 'பூலே'தான்.

வேறுபாட்டைச் சுவரில் பார்க்கலாம். மண்ணின் ஈரம் பழைய செங்கலில் மேலேறும். ஒரு பங்கு நீற்றுச் சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த பூச்சு, அந்த ஈரத்தை ஆவியாக வெளியே விடும். புதுப்பிக்கிறவர் அதைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசி, பிளாஸ்டிக் பெயிண்ட் அடிப்பார். முதலில் பளபளக்கும். பிறகு ஈரம் உள்ளேயே தேங்கி, உப்பு பூத்து, செங்கலின் முகம் பொடியாக உதிரும். மீட்டமைக்கிறவர் மறுபடியும் சுண்ணாம்பையே பூசி, அது மெல்ல இறுகும்படி சில நாள் ஈரம் காயாமல் காப்பார். லீத் ஸ்திரீட்டின் நீல மாளிகையைப் பாருங்கள்: சுண்ணாம்பில் அவுரி நீலம் கலந்த பூச்சு. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருது பெற்ற அந்த மாளிகையைப் 'புதுப்பித்தார்கள்' என்பது, செய்த வேலையையே மறுப்பதாகும்.

சிலர் 'புனரமைப்பு' என்பார்கள். அது இடிந்ததைத் திரும்பக் கட்டுவது. போருக்கும் வெள்ளத்துக்கும் பிந்தைய சொல். போதாததற்கு அதில் வடமொழி ஒட்டும் இருக்கிறது. 'மறுசீரமைப்பு' கடனில் மூழ்கிய நிறுவனங்களுக்குப் போய்விட்டது. 'சீரமைப்பு' சாலைக் குழிக்கும் ஆகும். 'திருப்பணி' அழகான சொல், ஆனால் கோயிலை விட்டு வெளியே வராது. மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துவிடுகிறார்கள். எந்தத் தொழிலுக்கான சொல் என்று கேட்பதில்லை.

'மீட்டமைப்பு' என்பதில் மீட்பும் உண்டு, அமைப்பும் உண்டு. எல்லையும் உண்டு: ஊகம் தொடங்கும் இடத்தில் இந்த வேலை நிற்க வேண்டும் என்கிறது பழங்கட்டடங்களைப் பேணுவதற்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம். ஆகவே, பழைய பலகணி எப்படி இருந்தது என்பதற்குப் படமோ எச்சமோ இல்லாமல் அலங்காரமாகப் புதிதாய்ச் செய்து மாட்டினால் அது மீட்டமைப்பு ஆகாது. அந்த வீட்டுக்குப் 'புதுப்பித்த வீடு' என்றே பெயர் எழுதுங்கள். அங்கே அதுதான் சரி.