பல்ல எதுக்குங்க அரைக்கோணும்? (சொல் விளக்கம்: பற்கடிப்பு)

போன வாரம் பையனோட ஸ்கூல் பேக்குல ஒரு நோட்டீஸ் கெடந்துச்சு, பல் மருத்துவ முகாம் நோட்டீஸ். முதல் வரியே கொட்டை எழுத்துல "உங்கள் குழந்தை இரவில் பல் அரைக்கிறதா?"ன்னு போட்டிருந்தாங்க. எங்கம்மா, அதாவது பையனுக்கு அம்மாயி, கண்ணாடியப் போட்டு ரெண்டு தடவ படிச்சுட்டு "ஏனம்மிணி, பல்ல எதுக்கு அரைக்கோணும், பல்பொடிக்கா?"ன்னு கேட்டாங்க பாருங்க, எனக்கு சிரிப்பு ஒரு பக்கம் எரிச்சல் ஒரு பக்கம். ஏன்னா இந்த 'பல் அரைக்கறது' என் கண்ணுல படறது இது மூணாவது தடவ. மொதல்ல ஒரு வீடியோ, அப்பறம் போன்ல இருக்கற குழந்தை வளர்ப்பு ஆப், இப்ப அச்சடிச்ச காகிதத்துலயே வந்துருச்சு. அதான் உட்கார்ந்து எழுதிடலாம்னு.

சங்கதி என்னன்னா, தூக்கத்துல குழந்தைக நறநறன்னு பல்லக் கடிக்குமே, அதுக்கு டாக்டருக வெச்ச பேரு ப்ரக்ஸிசம். கிரேக்கத்துல பல்லக் கடிக்கறதுக்கு இருக்கற ஒரு வினையில இருந்து வந்தது, 1907ல பிரெஞ்சுல 'ப்ரக்ஸோமேனி'ன்னு எழுதுனாங்க, அப்பறம் 'மேனி'ங்கற வால் போயி 'இசம்'ங்கற வால் ஒட்டிக்கிச்சு. வரலாறு அவ்வளவுதான், இதுல பெருசா ஒண்ணுமில்ல.

வம்பு எங்க வருதுன்னா இங்கிலீஷ்ல சாதாரண சனங்க இத கிரைண்டிங்னு சொல்றாங்க. நம்ம மொழிபெயர்ப்பாளர் அந்த சொல்லப் பாத்தாரு, கிரைண்டர் ஞாபகம் வந்துச்சு, 'அரைத்தல்'னு போட்டுட்டாரு. கிரைண்டரப் பத்தி எங்களுக்கே பாடமா? கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்கு புவிசார் குறியீடே வாங்கி வெச்சிருக்கற ஊருங்க இது. இந்தப் பக்கம் எந்த ஊட்ல கேட்டாலும் மாவு ஆட்டறோம், மொளகா அரைக்கறோம்னு சொல்லுவாங்க, எதச் சொன்னாலும் நசுங்கிப் பொடியாகற பொருளத்தான் முன்னால வெப்பாங்க. மஞ்சள் அரைக்கறதுன்னா மஞ்சள்தான் அரைபடுது, சந்தனம் அரைக்கறதுன்னா சந்தனம்தான் அரைபடுது, அம்மிய அரைச்சேன்னு யாராவது சொல்லி நீங்க கேட்டிருக்கீங்களா? அப்பறம் 'பல் அரைத்தல்'னா என்ன அர்த்தம் வரும், பல்ல உள்ள போட்டு மாவாக்கறதுன்னுதானே வரும். எங்கம்மா கேட்டது தப்பே இல்ல, நோட்டீஸ்தான் தப்பு. நல்ல வேளை அந்த ஆளு கொங்குக்காரரா இருந்து 'பல் ஆட்டுதல்'னு போடாம விட்டாரு, போட்டிருந்தா விழப்போற பல்ல நாக்கால தள்ளித் தள்ளி ஆட்டறதுன்னு நெனைச்சிருப்போம்.

இன்னொருத்தர் 'பற்களைத் தேய்த்தல்'னு எழுதறாரு. அதுக்கு இது தேவல, ஆனாலும் பல் தேய்க்கறதுன்னா காலையில பிரஷ் வெச்சு வெளக்கறதுதான் யாருக்கும் ஞாபகம் வரும். "குழந்தை தூக்கத்தில் பல் தேய்த்தால் மருத்துவரை அணுகவும்"னு படிச்சா, அட இவ்வளவு சமத்தான குழந்தையான்னுதான் தோணும். (கடிச்சுக் கடிச்சு பல்லு தேஞ்சு போறதுக்கு 'பல் தேய்மானம்'னு சொல்றது சரி, அதுல எனக்கு சண்டை இல்ல.)

இதுக்கெல்லாம் சொல்லு இல்லாமலா நாம இவ்வளவு நாள் இருந்தோம்? பல்லக் கடிக்கறான். அவ்வளவுதான். அதுலயும் ஒரு நுணுக்கம் இருக்குதுங்க, அதத்தான் நான் முக்கியமா சொல்லணும்னு நெனைக்கறேன். ப்ரக்ஸிசம்னா வெறும் உரசறது மட்டும் இல்ல. 2013ல பல நாட்டு நிபுணருக ஒண்ணா உக்காந்து ஒரு வரையறை எழுதுனாங்க, அதுபடி திரும்பத் திரும்ப நடக்கற தாடைத் தசையோட வேலை இது, மேல் கீழ் பல்ல அழுத்தி இறுக்கறதும் அதுல சேத்தி, உரசறதும் சேத்தி, பல்லே படாம தாடைய இறுக்கி வெச்சுக்கறதும் முன்னால தள்றதும் கூட சேத்தி. தூக்கத்துலயும் நடக்கும், முழிச்சிருக்கறப்பவும் நடக்கும். இப்ப நம்ம பேச்சப் பாருங்க. "வலிய பல்லக் கடிச்சுட்டு பொறுத்துக்கிட்டேன்"னா அது அழுத்தி இறுக்கறது, சத்தமே வராது. "நறநறன்னு பல்லக் கடிச்சான்"னா அது உரசறது. ரெண்டுக்கும் ஒரே வினை. இங்கிலீஷ்காரனுக்கு ரெண்டு சொல்லு தேவைப்படற எடத்துல நமக்கு ஒண்ணே போதுது, அதப் போயி பாதி அர்த்தத்துக்கு வர்ற 'அரைத்தல'க் கொண்டாந்து மாத்தறாங்க. 'நறநறப்பு'ன்னு வெக்கலாமேன்னு ஒரு தமிழ் வாத்தியார் சொன்னாரு, காதுக்கு நல்லாத்தான் இருக்குது, ஆனா சத்தமில்லாம இறுக்கறது அதுல விட்டுப் போயிடுது.

இதவிட வேடிக்கை ஒண்ணு. எங்க தெருவுல துணி தைக்கற அக்கா சர்ச்சுக்குப் போறவங்க, அவங்ககிட்ட இதப் புலம்புனப்ப "ஏன், பைபிள்லயே இருக்குதே கண்ணு"ன்னாங்க. ஆமா, மத்தேயு 8:12, "அங்கே அழுகையும் பற்கடிப்பும் உண்டாயிருக்கும்." கிரேக்க மூலத்துல அந்த எடத்துல இருக்கற சொல்லு ப்ரூக்மோஸ். ப்ரக்ஸிசம் எந்த வேர்ல இருந்து வந்துச்சோ அதே வேர் சொல்லு! அதாவது இந்த கிரேக்க வேருக்கு தமிழ்ல எப்பவோ ஒருத்தர் உக்காந்து யோசிச்சு, சனங்க பேச்சுல இருந்தே எடுத்து 'பற்கடிப்பு'ன்னு வெச்சுட்டுப் போயிட்டாரு. நாம அதத் தொடாம இங்கிலீஷ் வழியா சுத்தி வந்து அரைச்சுட்டு இருக்கோம்.

கடிக்கறதுன்னா நாய் கடிக்கற மாதிரி ஆகாதான்னு கேக்கறவங்களுக்கு: நாய்க்கடி, பாம்புக்கடி, கொசுக்கடி, இதுலெல்லாம் முன்னால நிக்கறது கடிச்ச ஆளு. அதனால 'பற்கடி'ன்னு நிறுத்துனா குழப்பம் வரும், ஒத்துக்கறேன். 'பு' சேத்தி பற்கடிப்புன்னு சொல்லிட்டா அந்தக் குழப்பம் போச்சு.

சரி, சொல்லு சரியா இருந்தா என்ன ஆகப் போகுதுன்னா, ஆகுதுங்க. "பல்லக் கடிக்கறான்"னு சொன்னா எந்த அம்மாயிக்கும் புரியும், அடுத்த நிமிசமே "வயித்துல பூச்சி இருக்குது, மாத்திரை குடு"ன்னு சொல்லுவாங்க. எங்கம்மாவும் அதான் சொன்னாங்க. ஸ்கூல்லயும் அங்கன்வாடியிலயும் குடற்புழு மாத்திரை குடுக்கறாங்களே அத போட்டுக்கறது நல்லதுதான், ஆனா பூச்சி இருக்கறதாலதான் பல்லக் கடிக்கறான்னு டாக்டருக ஒத்துக்கறதில்ல. தூக்கம் லேசா கலையற நேரத்துல தாடைத் தசை தானா இறுகிக்குது, அதான் பெரும்பாலும். நோட்டீஸ்ல 'பல் கடித்தல்'னு இருந்திருந்தா அம்மா அந்த வரியோட நிக்காம கீழ இருக்கறதையும் படிச்சிருப்பாங்க, பூச்சிக் கதையும் அங்கயே முடிஞ்சிருக்கும்.

பையனுக்கு ஆறு வயசு. மொத்தம் 20 பால் பல்லு, ரெண்டரை மூணு வயசுக்குள்ள மொளைச்சு முடிஞ்சிருது, ஆறு வயசுவாக்குல கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால மொத நிலைப்பல்லு வருது. எந்தப் பல்லும் விழாமலே அது வர்றதால பால் பல்லுதானேன்னு நெறையப் பேரு விட்டுடறாங்க, அது சொத்தையானா திரும்ப மொளைக்காது. பால் பல்லுக்கு எனாமல் மெல்லிசு, அதனால கடிக்கற குழந்தைக்கு பல்லு முனை மழுங்கித் தெரியும். பெரும்பாலும் நிலைப்பல்லு வர வர பழக்கம் தானா கொறைஞ்சிரும், தாடை வளர்ற வயசுங்கறதால பெரியவங்களுக்கு ராத்திரி மாட்டிக்கக் குடுக்கற மாதிரி பல் உறையும் சாதாரணமா குடுக்கறதில்ல. காலையில தாடை வலி, தலைவலின்னு சொன்னாலோ, பல்லு கூசுச்சுன்னாலோ, ராத்திரி குறட்டையும் சேந்து வந்தாலோ காட்டிரணும்.

அந்த நோட்டீஸ்ல இன்னும் கூத்து இருந்துச்சு. பால் பல்லுக்கு 'இலையுதிர் பற்கள்'னு போட்டிருக்காங்க! இங்கிலீஷ்ல 'டெசிடியஸ்'னு இருந்திருக்கும், உதிர்ற பல்லுன்னு சொல்ல வந்து அகராதியில மரத்துக்குப் போட்டிருந்த அர்த்தத்த அப்படியே எடுத்து ஒட்டிட்டாங்க, பல்லுல எங்கிருந்து வந்துச்சு எலை? பல்லு மொளைக்கறதுக்கு இங்கிலீஷ்ல 'இரப்ஷன்'னு சொல்றத அப்படியே 'பல் வெடிப்பு'ன்னு போட்டுட்டாங்க. வெடிக்கறது சிவகாசியில, வாய்ல இல்ல. யாராவது ஒருத்தர் அத வாய்விட்டு ஒரு தடவ படிச்சுப் பாத்திருந்தா அச்சுக்கே போயிருக்காது.

நானு சிவப்புப் பேனாவால அத்தனையும் திருத்தி பையன் கையிலயே மிஸ்ஸுக்குக் குடுத்து விட்டேன். சாயந்தரம் வந்தான், நோட்டீசப் பத்தி ஒண்ணும் சொல்லல, கையில கீழ் முன்பல்லு ஒண்ணு. அம்மாயி சாணியில உருட்டி கூரை மேல எறியோணும்னாங்க, எங்களுது மொட்டை மாடி, கீழ நின்னு எறிஞ்சோம், ரெண்டு தடவ கைப்பிடிச் செவுத்துல பட்டு திரும்ப வந்து மூணாவதுலதான் மேல போச்சு.