ரெக்கைக்கு ஸ்பீடு தெரியாது, கோணம்தான் தெரியும்

அமெரிக்கால வீட்டு கராஜ்லயே சொந்தமா ப்ளேன் கட்டிப் பறக்குறவங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க, ஓரிகன் மாநிலத்து வான்ஸ் ஏர்கிராஃப்ட் கம்பெனியோட ஆர்விங்கிற கிட்டை (பாகம் பாகமா வர்ற ப்ளேன்) வாங்கிக் கட்டி முடிச்சுப் பறந்த ப்ளேன் மட்டுமே 11,000க்கு மேல. இந்த மாதிரி ப்ளேன்ல உயிர் போற விபத்தைப் பாத்தா கன்ட்ரோல் தப்பி விழுறதுதான் முதல்ல நிக்குது. அதுல நிறைய, ரன்வே கண்ணுக்கு எதிர்ல தெரியும்போதே நடக்குது, அதான் மனசு ஆறவே மாட்டேங்குது.

ஆடி மாசக் காத்துல மொட்டைமாடியில ஒரு ப்ளைவுட் ஷீட்டைத் தூக்கிட்டுப் போயிருந்தீங்கன்னா ஸ்டால்னா என்னன்னு உங்க கைக்கே தெரியும். தட்டையா பிடிச்சா சும்மா இருக்கும், காத்து வர்ற பக்கத்து விளிம்பைக் கொஞ்சம் தூக்குனா ஷீட்டு மேல இழுக்கும், இன்னும் தூக்குனா இன்னும் இழுக்கும், ஒரு அளவைத் தாண்டிட்டா மேல இழுக்குறது விட்டுப்போய் ஆளையே பின்னாடி தள்ளும். ரெக்கையும் அப்படித்தான். வர்ற காத்துக்கும் ரெக்கைக்கும் நடுவுல இருக்குற கோணம்தான் ஆங்கிள் ஆஃப் அட்டாக், சுருக்கமா ஏஓஏ. சாதாரண சின்ன ப்ளேன்ல அது சுமார் 15 டிகிரியைத் தாண்டுனா மேல்பக்கக் காத்து ரெக்கையை ஒட்டி ஓடாம பிச்சுக்கும், தூக்குறது சட்டுனு குறைஞ்சிடும், இதுதான் ஸ்டால்.

இதுல ஸ்பீடு எங்க வருதுன்னா, கோணத்தைக் குத்துமதிப்பா சொல்றதுக்கு மட்டும்தான் வருது. நேரா பறக்கும்போது 50 நாட்ஸ்ல (ஒரு நாட்னா மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்) ஸ்டால் ஆகுற ப்ளேனை எடுத்துக்குவோம். அதை 1.3 மடங்கு, அதாவது 65 நாட்ஸ்ல இறக்குவாங்க. உயரத்தை விடாம 45 டிகிரி சாஞ்சு திரும்புனா ஸ்டால் ஸ்பீடு கிட்டத்தட்ட 60 ஆயிடும், 60 டிகிரி சாஞ்சா ரெக்கை ரெண்டு மடங்கு எடையைத் தாங்கணும், அப்ப 71. மீட்டர்ல அதே 65 நிம்மதியா நிக்கும், ஆனா ரெக்கை அதுக்கு முன்னாடியே கைய விரிச்சிருக்கும்.

கடைசித் திருப்பத்துல பின்காத்து தள்ளி ப்ளேன் ரன்வே நேரைத் தாண்டிப் போயிடுதுன்னு வைங்க. இன்னும் சாய்க்கப் பயந்து பைலட் ரடரை, அதாவது மூக்கை இடம் வலம் திருப்புற வால் பலகையோட பெடலை மிதிப்பார், மூக்கு கீழ போகும், அதைத் தூக்க கையில இருக்குற கன்ட்ரோல் ஸ்டிக்கை இழுப்பார், உள்பக்க ரெக்கை முதல்ல ஸ்டால் ஆகி ப்ளேன் சுத்த ஆரம்பிக்கும், தரை சில நூறு அடிதான், மீட்க உயரமே இருக்காது.

வீட்ல கட்டுன ப்ளேன்ல இன்னொரு சங்கடம், அந்த ஸ்பீடு மீட்டரையே முழுசா நம்ப முடியாது, ஏன்னா காத்தழுத்தம் எடுக்குற ஓட்டையை எங்க வச்சோம், ட்யூபை எப்படி இழுத்தோம்ங்கிறதைப் பொறுத்து ப்ளேனுக்கு ப்ளேன் மாறும். ஒரே கிட்டுல வந்த ரெண்டு ப்ளேனுக்கும் எடை ஒண்ணா இருக்காது, அதனால ஸ்டால் ஸ்பீடும் ஒண்ணா இருக்காது.

கோணத்தை நேரடியா அளக்குற ஒரு வழி ரொம்ப எளிமை. ரெக்கைக்கு அடியில இருக்குற பிட்டோ ட்யூப் (ஸ்பீடு மீட்டருக்காக எதிர்காத்தோட அழுத்தத்தைப் பிடிக்கிற குழாய்) நுனியில நேரா ஒரு ஓட்டை, அதுக்குக் கீழ சாய்வா வெட்டுன முகத்துல இன்னொரு ஓட்டை. மூக்கு தூக்கத் தூக்க கீழ் ஓட்டை காத்துக்கு நேரா வரும், அதுல அழுத்தம் ஏறும். ஸ்பீடு கூடுனா ரெண்டுலயும் சேர்ந்தே ஏறும், அதனால ஒண்ணை இன்னொண்ணால வகுத்தா ஸ்பீடு அடிபட்டுப் போய் கோணம் மட்டும் மிஞ்சும். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடமே இதுதான், அசையுற பாகம் ஒண்ணுகூட இல்ல. ப்ளேன் கருவி செய்யுற டைனான், கார்மின் கம்பெனி ரெண்டு பேரும் இந்த மாதிரி ட்யூப் விக்கிறாங்க.

திரையில கலர் பட்டையா காட்டுறதை விட காதுல சத்தமா கேக்குறதுதான் நல்லதுன்னு நான் உறுதியா நினைக்கிறேன், திரும்பும்போது பைலட்டோட கண்ணு ஜன்னல் வழியா ரன்வே மேல இருக்கும், இருக்கவும் வேணும். பீப், பீப்னு ஆரம்பிச்சு கோணம் கூடக்கூட வேகமாகி, ஸ்டால் நெருங்குனா விடாம ஒரே சத்தமா கத்தும், அப்ப கை தானா ஸ்டிக்கை முன்னாடி விடணும். கப்பல் மேல இறங்குற அமெரிக்க நேவி பைலட்டுங்க பல வருஷமா கோணத்தை வச்சுத்தான் இறங்குறாங்க. அமெரிக்க விமானத் துறை அமைப்பான எஃப்ஏஏ 2014 பிப்ரவரியில ஃபேக்டரி ப்ளேன்லயும் இந்த ஏஓஏ கருவியை மாட்டுற அனுமதியை எளிதாக்குச்சு, சொந்தமா கட்டுறவங்களுக்கு அந்தத் தடங்கலே கிடையாது.

மாட்டுனா மட்டும் போதாது, பழக்கணும். நல்ல உயரத்துக்குப் போய், வேணும்னே ஸ்டால் பண்ணி, இந்த இடம்தான் எல்லைன்னு கருவிக்குக் காட்டணும். ஃப்ளாப், அதாவது ரெக்கையோட பின்பக்கத்துல மடங்கி இறங்குற பலகை, அதை இறக்குனா ரெக்கையோட வடிவமே மாறுது, அதனால ஃப்ளாப் ஏத்தி, இறக்கி ரெண்டு நிலையிலயும் பண்றது நல்லது. அப்புறம் ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் குனிஞ்சு அந்த ரெண்டு ஓட்டையையும் பாக்கணும், கவர் மாட்டாம ஹேங்கர்ல விட்டா மண்குளவி வந்து அடைச்சிடும், கீழ் ஓட்டை அடைஞ்சா ஸ்டால் ஆகுற நேரத்துலகூட அந்த சத்தம் வராமலே போயிடலாம்.